மண்ணெண்ணெய் மணத்த கை

இன்னும் இரண்டு பேர் பேசி முடித்தால் என்னைக் கூப்பிடுவார்கள். கோமதி வந்து காதருகே குனிந்து சொல்லிவிட்டுப் போனாள். "மாமா, இப்பப் பேசுறவங்களுக்கு அடுத்து அப்பாகிட்டப் படிச்ச டாக்டர், அதுக்கடுத்து நீங்க. அஞ்சு நிமிசம் போதும். பேச்சு வரலைன்னாலும் ஒண்ணுமில்ல, மேடையில வந்து நின்னாலே போதும்." நின்றாலே போதும். நின்றவன்தானே நான். நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, போகச் சொன்னபோது போனவன். மின்விசிறி தலைக்கு மேல் கடகடவென்று சுற்றுகிறது, காற்றுதான் வரக் காணோம். பாளையங்கோட்டை வெயில் பத்தரை மணிக்கே மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சட்டை முதுகில் ஒட்டுகிறது. மேடையில் அவள் அப்பா குற்றாலிங்கத்தின் படம். நரைத்த தலை, கண்ணாடி, சந்தன மாலை. சிரிப்பு மட்டும் பதினாறு வயசுச் சிரிப்பு, இடது ஓரப் பல் முன்னால் வந்து கீழுதட்டில் உட்காரும் அதே சிரிப்பு. படத்துக்குக் கீழே பாசமிகு தந்தை, நல்லாசிரியர் என்று எழுதியிருக்கிறது. இருக்கட்டும். நான் அழ வரவில்லை. இரண்டு வாக்கியம் சொல்ல வந்திருக்கிறேன். சோடியத்தைப் போட்டது குற்றாலிங்கம். அடி வாங்கினது நான். தென்காசியில் பஸ் ஏறியதிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆலங்குளம் வரைக்கும் குரல் நடுங்கியது, அதற்குப் பிறகு நடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், உதடு அசைந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து வருசம் வாயில் அடக்கியதை இறக்கி வைக்க இரண்டு வாக்கியம் போதும் என்றால், இத்தனை வருசம் அது ஏன் அவ்வளவு கனத்தது.

செத்துப் பன்னிரண்டாம் நாள்தான் எனக்குத் தெரியும். பட்டறையில் ஒரு வேனின் கதவை நிமிர்த்திக்கொண்டிருந்தேன், போன் வந்தது. தெரியாத நம்பர். "சங்கரவேலு மாமாங்களா? நான் குற்றாலிங்கம் சாரோட மக கோமதி பேசுறேன். அப்பா தவறிட்டாங்க மாமா." சுத்தியலைக் கீழே வைத்தேன் என்று ஞாபகம், வைக்கவில்லை போலிருக்கிறது, வேலை முடித்துப் பார்த்தபோது கைக்குள்தான் இருந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். அப்பா டைரியில் சங்கரன், பட்டறை என்று என் நம்பர் இருந்ததாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் படத்திறப்பு, மாணவர்களெல்லாம் சேர்ந்து செய்கிறார்களாம், நான் அவசியம் வர வேண்டுமாம். "உங்க கதைய அப்பா ஒவ்வொரு வருசமும் முதல் வகுப்புல சொல்வாங்க மாமா. அப்பாகிட்டப் படிச்ச அத்தனை பேருக்கும் உங்களைத் தெரியும்." என்ன கதை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்காமலிருந்தால் ஒரு சாவுச் செய்தியோடு போயிருக்கும், நானும் அன்று ஒரு மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருப்பேன். அவள் சொன்னாள். பிளஸ் ஒன் படிக்கும்போது லேபில் நான் விளையாட்டாகச் சோடியத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டேனாம், அது வெடித்து அட்டெண்டர் கண் போய்விட்டதாம், ஹெட்மாஸ்டர் யார் என்று கேட்டபோது நான் நடுங்கினேனாம், சங்கரன் வீட்டில் அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கிறாள் என்று நினைத்து இவள் அப்பா எழுந்து நான்தான் சார் என்றாராம், பன்னிரண்டு பிரம்படியாம். நான் குற்ற உணர்ச்சி தாங்காமல் படிப்பை விட்டுவிட்டேனாம். "ஆனா அப்பா உங்க மேல ஒருநாளும் கோவப்பட்டதில்ல மாமா. அவன் நல்லவன், பயந்துட்டான், அவ்வளவுதான்னு சொல்வாங்க." பயந்துட்டான். அவ்வளவுதான். நான் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். பன்னிரண்டு என்பது மட்டும் சரியாக இருந்தது. எண்ணிக்கையை அவன் மறக்கவில்லை.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். புதன்கிழமை, மதிய இடைவேளைக்கு முந்தின பீரியடு. வாத்தியார் வெளியே போயிருந்தார். குற்றாலிங்கம் அலமாரியைத் திறந்து அந்த ஜாடியை எடுத்தான், மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் சோடியக் கட்டி, இடுக்கியால் பிடித்துக் கத்தியால் ஒரு நெல்லிக்காய் அளவு வெட்டி எடுத்தான். "ஏல சங்கரா, இங்க பாரு, தீபாவளி" என்றான். நான் வேண்டாம்ல என்றேன். உண்மையைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதை மறைக்க மாட்டேன். அட்டெண்டர் அருளப்பன் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து டெஸ்ட் டியூப் அடுக்கிக்கொண்டிருந்தார், அவன் அவரைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன், சொல்ல வாயெடுப்பதற்குள் போட்டுவிட்டான். முதலில் உஸ்ஸென்று தண்ணீர்மேல் ஓடியது, அழகாகத்தான் இருந்தது, ஒரு மஞ்சள் பொறி. பிறகு சத்தம். பிறகு பீங்கான் தொட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது, அருளப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு கர்த்தரே கர்த்தரே என்று தரையில் உருண்டார். எல்லாரும் ஓடினோம். அவன் எங்கே ஓடினான் என்று அப்போது தெரியாது, பிறகுதான் தெரிந்தது, கிணற்றடிக்கு ஓடியிருக்கிறான், விடுதிப் பையன் ஒருத்தன் துணி துவைத்துக்கொண்டிருந்த சோப்பை வாங்கி முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவியிருக்கிறான். பயத்தில் அப்படி யோசிக்க முடிகிறதே, எப்படி முடிந்தது. நான் பயந்தால் கால் மரத்துப்போய் நிற்கிறவன்.

ஹெட்மாஸ்டர் கெட்டிக்காரர். யார் செய்தது என்று இரண்டு தடவைதான் கேட்டார். பிறகு ஒவ்வொருத்தனையும் கையை நீட்டச் சொல்லி மோந்து பார்த்தார். முப்பத்திரண்டு பேர். குனிந்து குனிந்து மோந்துகொண்டே வந்தார், அவருடைய மூக்கு நுனி வியர்த்திருந்தது, அது இப்போதும் தெரிகிறது. குற்றாலிங்கம் கையில் சோப்பு மணம். அடுத்து நான். அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கு ரேஷன் கடையில் வரிசை நின்று மண்ணெண்ணெய் வாங்கி, ஓட்டைக் கேனை அணைத்துப் பிடித்தபடி வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்தேன். எங்கள் வீட்டில் சோப்பு அம்மாவின் பெட்டிக்குள் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். ஹெட்மாஸ்டர் என் கையை மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். விடவில்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீயால?" என்றார். நான் பக்கத்தில் பார்த்தேன். ஒரு தலை திருப்பல், அவ்வளவுதான். அவன் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். இன்றுவரை சத்தியமாகச் சொல்வேன், சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி, இந்த அடி முடிந்ததும் சொல்வான் என்று நினைத்தேன். முதல் அடி விழுந்தது, இரண்டாவது, மூன்றாவதில் விரல் நுனி பிளந்தது, சொல்வான், ஆறு, ஏழு, சாயங்காலம் தனியாகப் போய்ச் சொல்வான், பன்னிரண்டு. ஏன் நீயே சொல்லவில்லை என்று என் பெண்டாட்டி கல்யாணமான புதிதில் கேட்டாள். சொல்லியிருக்கலாம். சொல்வது அவன் வேலை என்று நினைத்தேன். அவன் வேலையை நான் செய்தால் அவன் என்ன ஆவான் என்றுகூட நினைத்திருப்பேன், அந்த வயசில் அப்படியெல்லாம் நினைக்க முடியும். மறுநாள் அம்மாவை வரச் சொன்னார்கள். அம்மா வந்து ஹெட்மாஸ்டர் அறை வாசலில் விழுந்தாள். சிமெண்டுத் தரை. புடவைத் தலைப்பு விலகியது, அதை எடுத்து மூடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். எதிரே எங்கள் வகுப்பு. ஜன்னல். ஜன்னலில் குற்றாலிங்கம். பார்த்தான். பார்த்தானா. ஜன்னலருகே நின்றான், அது நிச்சயம், கையில் சாக்பீஸ் இருந்தது, அன்றைக்குப் போர்டு எழுதுகிற முறை அவனுடையது. என் அம்மா கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினானா, திரும்பியிருந்ததால் பார்க்கவில்லையா. ஆயிரம் தடவை அந்த ஜன்னலுக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவை அவன் முகம் இருக்கும், ஒரு தடவை முதுகு இருக்கும். அவன் உயிரோடிருந்தபோது இதை ஒன்றைத்தான் கேட்டிருக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். பார்த்தியால? டிசியில் நடத்தை திருப்தியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினோம். ஆவணி மாசம் டிங்கர் பட்டறையில் சேர்ந்தேன்.

கைதட்டுகிறார்கள். ஒருத்தர் முடித்துவிட்டார். டாக்டர் எழுந்து போகிறார், நாற்பது வயசிருக்கும், நல்ல பிள்ளை மாதிரிதான் இருக்கிறார். "சார் இல்லைன்னா நான் இல்லை" என்று ஆரம்பிக்கிறார். நானும் அப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும். குற்றாலிங்கம் இல்லாவிட்டால் நான் இந்த நான் இல்லை. அவன் நல்லவன்தான், இதை எங்கே போய்ச் சொல்ல. சிற்றாற்றில் எனக்கு நீச்சல் பழக்கினவன் அவன்தான், வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, விட்டிர மாட்டேன்ல, விட்டிர மாட்டேன்ல என்று சொல்லிக்கொண்டே விட்டுவிடுவான், நான் மிதப்பேன். அவன் வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு உண்டு. எனக்குச் சட்டை கிழிந்த அன்று தன் சட்டையிலும் ஒரு கிழிசலை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கூடப் பிறந்தவன் எனக்குக் கிடையாது, இவன் இருந்ததால் அது தெரியவில்லை. வேறு எவனாவது செய்திருந்தால் அன்றைக்கே செவிட்டில் அறைந்து உண்மையைக் கக்க வைத்திருப்பேன், ஒரு வருசத்தில் மறந்தும் போயிருப்பேன். பிரியம்தான் விஷமாகப் போயிற்று. அந்த விஷத்தை நான் மட்டுமா குடித்தேன். என் மகன் ஏழு வயசில் ஒரு பென்சிலைப் பற்றிப் பொய் சொன்னான். பன்னிரண்டு அடி. எண்ணித்தான் அடித்தேன். பெல்ட் பக்கிள் பட்டுக் காதுக்குப் பின்னால் தழும்பாகிவிட்டது. பொய் மட்டும் சொல்லாதல, பொய் மட்டும் சொல்லாதல என்று அவனை வளர்த்தேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான், பொங்கலுக்கு அவன் அம்மாவிடம் பேசுவான், அப்பா நல்லாருக்காரா என்று அவளிடம் கேட்பான். பொய் சொல்லாத என்னுடைய வீடு இப்படி. பொய் சொன்னவன் வீட்டில் மகள் அப்பா அப்பா என்று உருகுகிறாள், மண்டபம் நிறைய ஆள், தேம்புகிறார்கள். நான் செத்தால் யார் வருவார்கள், பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் வருவார்கள், மாலையை என் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

ஒரே ஒரு தடவை பார்த்தேன். தென்காசி பஸ் ஸ்டாண்டு, தொண்ணூற்றிரண்டோ மூன்றோ. தோளில் ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு வந்தான், இந்தக் கோமதிதான், கையில் முறுக்கு வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள், துணுக்கெல்லாம் அவன் தலைமுடியில். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். என் கையைப் பிடித்தான். பிளந்து ஒட்டிய அந்த விரலைத்தான் பிடித்தான், பெருவிரலால் தடவினான். கண் நிறைந்தது. இப்போது சொல்வான், நாற்பது பேர் நிற்கும் இந்த பஸ் ஸ்டாண்டில் சொல்லப்போகிறான் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. "சங்கரா, கெமிஸ்ட்ரி வாத்தியாரா இருக்கேன்ல" என்றான். கெமிஸ்ட்ரி. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, சிரித்தே விட்டேன். அவனும் சிரித்தான். டீ வாங்கிக் கொடுத்தான். குழந்தையிடம், "மாமாவுக்கு வணக்கம் சொல்லு, மாமா அப்பாவோட உயிர்" என்றான். பஸ் வந்தது, போய்விட்டான். அவன் பெரிய பொய்யன் என்றால் எனக்கு எவ்வளவோ வசதி. பட்டறை வாசலில் உட்கார்ந்து அருளப்பன் ரோட்டில் போவதைப் பார்ப்பேன், இருக்கிற ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு அவர் எதிர்ப்பக்கம் தாண்டிப் போவார், சாகும்வரை அப்படித்தான் போனார். அப்போதெல்லாம் குற்றாலிங்கத்தை நினைத்துப் பல்லைக் கடிப்பேன். கடித்துக்கொண்டே அந்தக் கையின் சூடு ஞாபகம் வரும்.

டாக்டரும் முடித்துவிட்டார். கோமதி மைக்கை வாங்குகிறாள். "அடுத்துப் பேசப் போறவரைப் பத்தி நான் ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்கிறாள். வேண்டாம் தாயே. "அப்பா செஞ்ச தியாகத்தைக் கேட்டு வளர்ந்தவ நான். காலேஜ் கடைசி வருசம், பரிட்சை ஹால்ல என் ஃபிரண்டு பிட்டு வச்சிருந்தா. பிடிபட்டா அவளுக்குப் படிப்பே போயிரும், அவ வீட்டுல கல்யாணம் பண்ணிருவாங்க. பிட்டு என் காலடியில கிடந்துச்சு. என்னுதுன்னு சொல்லிட்டேன். ஒரு வருசம் என்னை எழுத விடல. வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சொன்னேன். அப்பா திட்டவே இல்ல. என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதாங்க. விடியவிடிய அழுதாங்க. எனக்கு அப்ப இருந்த பெருமை இருக்கே." மண்டபம் கையைத் தட்டுகிறது. அடப்பாவி குற்றாலிங்கம். பெருமையிலா அழுதாய் நீ. உன் கதையை நம்பி உன் பிள்ளை தன் வருசத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே. "அப்பாவோட பள்ளித் தோழர் சங்கரவேலு மாமா" என்கிறாள். எழுந்துவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வை எனக்குத் தெரியும், மன்னிக்கிற பார்வை. கண்ணைக் கெடுத்துவிட்டு ஓடிப்போன பையன் கிழவனாகி வந்திருக்கிறான், பாவம். நாலு படி. மைக் என் உயரத்துக்கு இல்லை, ஒருத்தர் வந்து இறக்கிவிட்டார். இரண்டே வாக்கியம். சோடியத்தைப் போட்டது.

முன்வரிசையில் கோமதி, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "ரெண்டு பையங்க" என்றேன். என் குரல் எங்கேயோ பின்னாலிருந்து எனக்கே கேட்டது. "ஒருத்தன் ஒரு தப்புப் பண்ணுனான். இன்னொருத்தன் அதுக்கு அடி வாங்குனான். பன்னெண்டு அடி. விரல் பிஞ்சுபோச்சு. யாரு பண்ணுனதுன்னு கேட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேர் வாழ்க்கையும் வேற மாதிரி போயிருக்கும். சொல்லல." படத்தைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன், "அன்னைக்கு வாயைத் திறக்காத பையன் நான்தான்." சொன்னவுடனே தெரிந்துவிட்டது. தப்பான வாக்கியம். நான் சொன்னது உண்மை, அவர்கள் கேட்டது அவன் கதை. கைதட்டல், எழுந்து நின்று தட்டினார்கள், ஒப்புக்கொண்டானே, இந்த வயசில் இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டானே என்று. டாக்டர் கண்ணைத் துடைத்தார். இல்லை, கேளுங்கள், நான் சொல்ல வந்தது அது இல்லை என்று கையைத் தூக்கினேன், தூக்கிய கையைக் கோமதி ஓடிவந்து பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மைக்கை யாரோ நகர்த்திவிட்டார்கள்.

சாப்பாடு மண்டபத்துக்குப் பின்னால். இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கும்பிட்டவர்களுக்கெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வாசலைத் தேடினேன். பக்கத்து அறையிலிருந்து குற்றாலிங்கத்தின் மனைவி உலகம்மாள் கூப்பிட்டாள். வெறும் நெற்றியோடு, ஒரு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்களை வெளியே போகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, நீங்க மேடையில சொன்னது எனக்குப் புரிஞ்சிது."

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவுக எங்கிட்டச் சொல்லிட்டாக. போன தையில முதல் தடவை நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப. உங்களைக் கூட்டியாரச் சொன்னாக. பிள்ளையையும் பக்கத்துல வச்சிக்கிட்டு எல்லாத்தையும் சொல்லணும்னாக. நான்தான் விடல. அவ அப்பாவைச் சாமியா நெனச்சிட்டு இருக்கா, சாகிற காலத்துல அதைக் கெடுக்காதீகன்னு சொன்னேன். அதுக்குப் பெறகு கேக்கல. உங்க நம்பரை மட்டும் டைரியில எழுதி வச்சாக."

சொல்ல நினைத்திருக்கிறான். நாற்பத்தைந்து வருசம் நான் காத்துக்கிடந்த வார்த்தை அவன் நாக்கு வரைக்கும் வந்திருக்கிறது. தென்காசி எழுபது கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு போன் போட்டிருந்தால் கிரீஸ் கையோடு ஓடிவந்திருப்பேன். இவள் வேண்டாம் என்றிருக்கிறாள், அவனும் சரி என்றிருக்கிறான். இப்போதும் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேதான் சரி என்றிருப்பான். எனக்கு இவள் மேல் கோபம் வந்தது, உயிரோடிருக்கிற ஒரு ஆள்மேல் கோபப்படுவது எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது.

"இப்ப கோமதிகிட்டச் சொல்லட்டுமா அண்ணாச்சி?" என்றாள் உலகம்மாள். "நீங்க சொல்லச் சொன்னா இப்பவே கூப்பிட்டுச் சொல்லிருதேன். உங்க இஷ்டம்தான்."

வேண்டாம் என்பேன் என்று நம்பித்தான் கேட்டாள். அவள் முகத்தில் எழுதியிருந்தது. நான் அப்படிப்பட்டவன் என்று புருஷன் சொல்லியிருப்பான், சங்கரன் சொல்ல மாட்டான், சங்கரன் நல்லவன். இந்த வீடு எனக்குக் கொடுத்த வேலை அது ஒன்றுதான், வாயை மூடுவது, அதையும் என் விருப்பம் போல என்னிடமே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். என்ன செய்யட்டும், அந்தப் பிள்ளையின் முகம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, விட்டுவிடு என்கிறது ஒரு மனசு, போகிற வயசுதானே, விட்டுவிடு.

"சொல்லுங்க" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து கதவருகே போய், "கோமதி, இங்க வா" என்றாள். நான் போயிருக்கலாம். நின்றேன். கோமதி தண்ணீர் ஜக்கோடு வந்தாள், யாருக்கோ ஊற்றப் போனவள். உலகம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "அப்பா மாத்திச் சொல்லிட்டாக தாயி. அந்தச் சோடியத்தைப் போட்டது அப்பா. அடி வாங்குனது மாமா. மாமாவை ஸ்கூலை விட்டே அனுப்பிட்டாக." அவ்வளவுதான். நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த இரண்டு வாக்கியம் வேறொருத்தி வாயிலிருந்து தடையில்லாமல் வந்து விழுந்தது.

கோமதி ஜக்கைக் கீழே வைத்தாள். சிந்தாமல், பார்த்து வைத்தாள். "உண்மையா மாமா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் எழுதாம இருந்த அந்த ஒரு வருசம்?" என்று அம்மாவிடம் கேட்டாள். உலகம்மாள் அழ ஆரம்பித்தாள். கோமதி அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்த அந்தக் குழந்தை முகம் ஒரு கணம் வந்து போனது.

"அப்பா இருந்தப்ப வந்து சொல்லியிருக்கலாம்ல. அவங்ககிட்ட நான் கேட்டிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். இப்ப நான் யார்கிட்டப் போய்க் கேக்கட்டும்?"

அதுவே என்னுடைய கேள்வியும்தான்.

"சாப்பிட்டுப் போங்க" என்றாள். மாமா என்று சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு ஜக்கை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனாள், நான் வாசல் தாண்டும்போது பார்த்தேன், ஒரு பெரியவருக்குக் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், டம்ளர் நிறைந்து இலையில் வழிந்தது, அவர் போதும் போதும் என்கிறார், ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

சாப்பிடவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜெயித்துவிட்டாய் சங்கரவேலு என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. இனி அந்த முதல் வகுப்புக் கதை கிடையாது. நான் பயந்து ஓடிய பையன் இல்லை, அவனும் எழுந்து நின்ற பையன் இல்லை. கணக்கு நேராகிவிட்டது, நெஞ்சுக்குள் ஒரு வெட்டவெளி. அந்தப் பொய் ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவில் மிஞ்சியிருந்தது போல. அவன் ஊரறியச் சொல்லியும், நான் பெண்டாட்டியைத் தவிர யாரிடமும் சொல்லாமலும், இரண்டு முனையில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறோம். இன்றைக்கு என் முனையை நான் விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் பிடிக்க ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செத்துப் பதினாறு நாளாகிறது, எனக்கு இப்போதுதான் செத்தான். ஏல குற்றாலிங்கம். சத்தம் வாயை விட்டு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, இந்த வயசில், நடுப்பகலில், ஓடுகிற பஸ்ஸில். பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். "துட்டிக்குப் போய்ட்டு வாரீகளா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

"எறந்தவுக சொந்தமா?"

கைக்குட்டையை நாலாக மடித்தேன்.

"கூடப் படிச்சவன்" என்றேன்.